உள்பக்கத்து ராணி பிங்க்

மத்திய அரசு அலுவலகங்களின் புல்வெளியில் டிசம்பர், ஜனவரி மதியங்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிய காட்சி, தில்லியில் வளர்ந்த எவருக்கும் மறந்திருக்காது. கிருஷி பவன், சாஸ்திரி பவன், ஆர்.கே.புரத்து அலுவலகக் கட்டடங்கள் என்று எங்கே போனாலும் சாப்பாட்டு நேரத்தில் வெயில் விழுந்த இடமெல்லாம் அவர்கள்தான். வேர்க்கடலைத் தோல் ஒரு பக்கம் குவிய, வம்பும் வரனும் வீட்டுக்கடனும் பேச்சில் ஓட, பார்வை எங்கோ இருக்க, மடியில் ஒரு பையனின் மார்பளவோ கணவரின் கையளவோ வரிசை வரிசையாக வளர்ந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் ஸ்வெட்டர் டிசைன் பிடித்துப்போனால், முன்பின் தெரியாத அந்த ஆளின் முதுகில் கண்ணிகளை எண்ணி மனப்பாடம் செய்துகொண்டு இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று அந்தப் புல்வெளிகளில் ஆளுக்கொரு செல்போன். ஸ்வெட்டர் கேட்ட நாளிலேயே வாசலுக்கு வந்து மணி அடிக்கிறது. வசதிதான், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனாலும் துணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஊசிச் சத்தத்திலிருந்து தொடங்கியதால், அது நின்றுபோனதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

நாங்கள் துவாரகாவுக்குக் குடிவந்தது 1997இல். அதுவரை ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் இருந்தோம். மலை மந்திர் மணி காதில் விழும் தூரம், தமிழ்ச் சங்கம் நடக்கிற தூரம். அங்கிருந்து, தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ.வின் வரைபடத்தில் செக்டர் செக்டராகக் கோடு போட்டு, பழைய ஆட்கள் இன்னமும் பப்பன் கலான் என்றே சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பொட்டல் வெளியில், அப்பா சேர்ந்திருந்த கூட்டுறவுச் சங்கம் கட்டி முடித்த நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது, அம்மா பால்கனியில் நின்று சுற்றும் பார்த்துவிட்டு, "இதுக்கா அம்புட்டு வருசம் பணம் கட்டுனிய?" என்று கேட்டார்கள். தெருவிளக்கு பாதி எரியாது. கோடையில் ஆந்தி என்கிற புழுதிக்காற்று வந்தால் சோற்றில் மண். பாலம் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே சக்கரம் தெரிகிற உயரத்தில் போகும். அவை போய் முடிகிறவரை பேச்சை நிறுத்திவைத்துவிட்டு அதே வார்த்தையிலிருந்து தொடர எல்லோரும் பழகிக்கொண்டோம். எல்லாவற்றையும்விடத் தண்ணீர். போர்த் தண்ணீர் உப்பு. அதில் துவைத்த கருநீலச் சட்டை கொஞ்ச நாளில் சாம்பல் பூத்துவிடும். நல்ல தண்ணீர் டேங்கரில்தான் வரும். டேங்கர் வந்ததும் குடத்தோடும் குழாயோடும் மாடிப்படியில் ஓடியதில்தான் பஞ்சாபியும் வங்காளியும் மலையாளியும் நாங்களும் ஒருவருக்கொருவர் அறிமுகமானோம். ஆண்டுக்கணக்காகப் பக்கத்து வீட்டில் இருந்தும் பேர் தெரியாமல் லிஃப்டில் தலையாட்டிக்கொள்கிற இன்றைய துவாரகாவாசிகளிடம் இதைச் சொன்னால் தண்ணீர்க் கஷ்டம் மட்டும்தான் அவர்கள் காதில் விழுகிறது.

அந்த மாடிப்படியில்தான் மூன்றாம் மாடி ஆன்ட்டி எனக்கு ஆசிரியை ஆனார். லூதியானாப் பக்கத்துச் சர்தார்னி; கணவருக்கு விமான நிலையத்தில் வேலை, பிள்ளைகள் இல்லை. குளிர்காலத்தில் மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வெயில் நகர நகரக் கட்டிலையும் நகர்த்திக்கொண்டு பின்னுவார். ஒன்பதாம் வகுப்புக் கணக்கைப் போடுகிறேன் என்று சொல்லி மாடிக்குப் போன நான், அவர் விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் ஒருநாள், "சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா ஊசி தானா ஓடாது பேட்டா, இந்தா" என்று பதினோராம் நம்பர் சலாயி ஊசி இரண்டையும் மிச்ச நூலையும் கையில் திணித்தார். ஒரு சீதா, ஒரு உல்டா. ஒரு சீதா, ஒரு உல்டா. ஒரு கண்ணி நேராக, அடுத்தது தலைகீழாக. முதலில் கண்ணி இறுகி ஊசி நகரவே நகராது. பிறகு தளர்ந்து ஓட்டை ஓட்டையாக விழும். ஒரு வாரம் பின்னியதை அவர் மறுபேச்சின்றி உருவிவிட்டு, "மறுபடி" என்பார். உருவிய நூல் சுருள் சுருளாக மடியில் விழும்போது எனக்கு அழுகை வரவில்லை. தப்பாகப் போட்டதைச் சேதமில்லாமல் பிரித்து அதே நூலில் திரும்பத் தொடங்கலாம் என்பது, பரீட்சை விடைத்தாள்களோடு வளர்ந்த பையனுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

அந்த வயதுப் பையனுக்கு உடுப்பு என்று இருந்ததைச் சொல்லவேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வெள்ளைச் சட்டை, சாம்பல் பேண்ட், கருநீல ஸ்வெட்டர், கழுத்தில் டை. சனிக்கிழமை கால் முதல் தலை வரை வெள்ளை. தலைமுடி காதைத் தொடக்கூடாது. பேண்ட்டின் அடிப்பாகம் குறுகினாலும் குற்றம், அகன்றாலும் குற்றம். வீட்டில் போட்டுக்கொள்ள அப்பாவின் சஃபாரி சூட்டுக்கு வாங்கிய துணியில் மிஞ்சியதைத் தைத்த கால்சட்டை. 1994இல் 'காதலன்' வந்து பிரபுதேவாவின் தொளதொள பேண்ட் எல்லாப் பையன்களின் கனவிலும் புகுந்திருந்தது. 1998இல் 'குச் குச் ஹோதா ஹை' வந்தபின் வகுப்பில் பாதிப் பேரின் சட்டைக்குள் ஷாருக்கான் போட்டிருந்த சங்கிலியின் நகல் தொங்கியது. அதைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றிச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு போவார்கள். நீங்கள் அந்தத் தலைமுறை என்றால் உங்கள் சாக்ஸுக்குள் என்ன இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட இடம் அவ்வளவுதான்: சாக்ஸுக்குள், காலருக்கு அடியில், பையின் உட்புறத்தில், பெல்ட்டின் மறுபக்கத்தில். வெளியே எல்லோரும் ஒரே பையன். உள்பக்கத்தில்தான் ஒவ்வொருவனும் தனித்தனி ஆள்.

என் உள்பக்கம் ராணி பிங்க்.

அந்தக் குளிர்காலத்துக்குப் பள்ளி ஸ்வெட்டரை நானே பின்னுவது என்று ஆன்ட்டியும் நானும் முடிவு செய்தோம். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். உத்தம் நகர் கடையில் கருநீல உல்லன் உருண்டைகளை வாங்கும்போது, அலமாரியின் மேல்தட்டில் அந்த நிறம் இருந்தது. கல்யாணப் பந்தலிலும் ராஜஸ்தானத்து மலைமுகட்டுக் கிராமப் பெண்களின் தலைத் துணியிலும் பார்க்கிற, பார்த்தவுடன் கண் கூசி, கூசிய பிறகும் அங்கேயே நிற்கச் சொல்கிற பிங்க். ஒரு உருண்டை வாங்கினேன். அதை எங்கே வைப்பது என்று திட்டம் போட்டதில் பல மதியங்கள் போயின. கடைசியில் கைமுனையின் பார்டரை இரண்டு மடங்கு நீளமாகப் பின்னுவது என்று ஆயிற்று: முதல் பாதி கருநீலம், அதற்குப் பிறகு பிங்க். பிங்க் பாதியை உள்ளே மடித்துவிட்டால் மணிக்கட்டோடு ஒட்டிக்கொள்ளும்; யாருக்கும் தெரியாது. வெளியே மடித்தால் கருநீலக் கைகளின் நுனியில் இரண்டு பிங்க் வளையங்கள். ஒரு சீதா ஒரு உல்டா பார்டருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதம் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே முகம். அதனால்தான் இந்த வேலைக்கு அது பொருந்தியது. நிறம் மாறும் முதல் வரிசையை மட்டும் முழுக்க சீதாவாகப் போடச் சொல்லி ஆன்ட்டி கற்றுக்கொடுத்தார்; இல்லாவிட்டால் நீலப் புள்ளிகள் பிங்க்குக்குள் எட்டிப் பார்க்கும். இதைக் கேட்டு இன்றும் யாராவது ஒரு ஸ்வெட்டர் போடுவார்களானால், அந்த ஒரு வரிசையை மறக்கவேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் உள்மடிப்பு. திரும்பி வரும் ப்ளூலைன் பஸ்ஸில் ஏறியதும் வெளிமடிப்பு. பாலம் தாண்டி, டாப்ரி தாண்டி, கட்டடங்கள் குறைந்து வெட்டவெளி வரும்வரை, கம்பியைப் பிடித்திருந்த என் கைகளை நானே பார்த்துக்கொண்டு வருவேன். யாரும் என்னைக் கவனித்ததாக நினைவில்லை. அது எனக்குத் தேவைப்படவும் இல்லை. வெளுத்துப்போகக்கூடாது என்று அம்மா அந்த ஸ்வெட்டருக்காகவே டேங்கர் தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்கி, சாயம் ஒட்டாமல் இருக்கப் பிங்க் பகுதியைத் தனியே நனைத்து, கசக்காமல் அழுத்திப் பிழிந்து, துண்டில் சுருட்டி ஈரமெடுத்து, நிழலில் தட்டையாகப் போட்டுக் காயவைத்தார்கள். குடிக்கவே அளந்து ஊற்றிய வீட்டில் ஒரு வாளி நல்ல தண்ணீர். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் செய்த அந்தக் காரியத்தின் அளவு எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நகப் பரிசோதனையில் பிடிபட்டேன். காலைப் பிரார்த்தனை முடிந்து வரிசையில் நின்று கையை நீட்டியபோது மடிப்பு வழுக்கி, பிங்க் வெளியே வந்துவிட்டது. பி.டி. மாஸ்டர் அதை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது பொம்பளைப் பிள்ளைங்க கலர்" என்று இந்தியில் உரக்கச் சொன்னார். வரிசை சிரித்தது. சிரித்தவர்களின் சாக்ஸுக்குள் என்னென்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. டைரியில் சிவப்பு மையில் எழுதி, அப்பாவை வரச் சொன்னார்கள். யார் பின்னியது என்று கேட்டதற்கு நான் என்றேன். அதுதான் விவகாரத்தைப் பெரிதாக்கியது.

அப்பா அரைநாள் விடுப்பு எடுத்து சஃபாரி சூட்டில் வந்தார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. பஸ்ஸில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு, "ஏலே, எங்க அய்யா வீரவநல்லூர்ல தறிக்குழியில கால விட்டு உக்காந்தது எந்த வயசுலன்னு தெரியுமா ஒனக்கு? எந்திரிக்கையில முதுகு நிமிரல. பாவு நீட்டுறதும் கஞ்சி போடுறதும் ஊடை கோக்குறதும், மழை பேஞ்சா அதுவும் இல்ல. நூலுல கெடந்து சீரழியக் கூடாதுன்னுதான நான் பரீட்ச எழுதி இம்புட்டுத் தூரம் வந்தேன். நீ நூலக் கைல எடுக்கியே" என்றார்கள். நான் நிறத்துக்காகத் திட்டு எதிர்பார்த்து நின்றேன். அப்பாவுக்கு நிறம் ஒரு பொருட்டாகவே இல்லை. மயில்கண் கரை போட்ட வேட்டியை எனக்கு ஆசை ஆசையாக வாங்கிக்கொடுத்து மலை மந்திருக்குக் கூட்டிப்போகிற மனிதர்தான் அவர்கள். அந்தக் கரையின் சிவப்புக்கும் பச்சைக்கும் முன்னால் என் பிங்க் எம்மாத்திரம்? அவர்கள் பயந்தது நூலுக்கு. தன் அப்பாவின் முதுகை வளைத்த அதே பொருள், தான் தப்பித்து ஓடிவந்த ஆயிரத்து ஐந்நூறு மைலையும் தாண்டி, மகனின் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டதே என்ற பயம். பள்ளிக்கூடம் பயந்தது வேறு எதற்கோ. இரண்டு பயங்களும் ஒரே நாளில், ஒரே ஸ்வெட்டரின்மேல் வந்து விழுந்தன.

பிங்க்கைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. ஆன்ட்டி அதையும் பாடமாகவே நடத்தினார். உருவிய நூலை என் இரண்டு கைகளிலும் சுற்றி லச்சியாக்கி, நாலு இடத்தில் தளர்வாக முடிச்சுப் போட்டு, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டினால், சுருள் சுருளாக இருந்த நூல் மெல்ல மெல்ல நீண்டு புதிதாகிவிடும். அதை வைத்து அப்பாவுக்கு ஒரு குல்லா பின்னினோம். வெளியே காப்பிப் பொடி நிறம், உள்ளே முழுக்கப் பிங்க், இரண்டு அடுக்கு, காதை மூடும். அம்மா தன் பேரில் கொடுத்தார்கள். அப்பா அதைத்தான் பணி ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் அதிகாலையில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார்கள். துவைத்தபின் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கொடியில் போடுவதும் அவர்கள்தான்.

அதற்குப் பிறகு என் உடுப்பு ஆசை கடைவீதிக்குப் போனது. கரோல்பாக் அஜ்மல்கான் ரோட்டில் திங்கட்கிழமை கடைகளுக்கு விடுமுறை. அன்றைக்கு நடைபாதை முழுவதும் துணிச் சந்தையாகும். சரோஜினி நகரில் ஏற்றுமதியில் கழித்துக்கட்டிய சட்டைகள் மலையாகக் கிடக்கும், லேபிளைப் பாதி வெட்டி. மோகன்சிங் பிளேஸில் ஜீன்ஸ் தைத்துக்கொள்வது எங்கள் வயதின் பெரிய சடங்கு. டெனிம் தானைத் தடவிப் பார்த்துத் தேர்ந்து, முட்டிக்குக் கீழே எவ்வளவு அகலம் என்று விரலால் காட்டி, பித்தளை ரிவெட்டா வெள்ளியா என்று வாதாடி, பின்பாக்கெட் தையல் எந்த வடிவத்தில் வேண்டும் என்று சிகரெட் அட்டையில் வரைந்து கொடுத்துவிட்டு, அதே கட்டடத்து மொட்டைமாடி இந்தியன் காபி ஹவுஸில் ஒரே காபியை நாலு பேர் குடித்தபடி காத்திருப்போம். அந்தக் காத்திருப்பு முழுவதும் அந்த ஜீன்ஸ் மனதுக்குள் போட்டாகிவிடும். இன்று என் மகன் ஒரே உடுப்பை மூன்று அளவில் வரவழைத்து, இரண்டைத் திருப்பி அனுப்புகிறான். திருப்பி அனுப்பப்பட்டவற்றுக்காக எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

2000 ஆகஸ்டில் தில்லி தாஜ் பேலஸில் நாட்டின் முதல் ஃபேஷன் வீக் நடந்தபோது நான் பதினோராம் வகுப்பு. ஆங்கிலப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போட்டன. ரோஹித் பால் என்ற பெயரை அந்தக் காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்: ஸ்ரீநகரில் பிறந்தவர், தில்லியில் வரலாறு படித்தவர், 1990இல் சொந்தப் பெயரில் ஆடை வடிவமைக்கத் தொடங்கியவர். அவருடைய ஆண்கள் வெல்வெட் போட்டார்கள், மார்பு நிறையத் தாமரையும் மயிலும் சுமந்தார்கள், தரையைத் தொடும் சுற்றுத்துணியோடு நிமிர்ந்து நடந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எதையும் உள்ளே மடித்துவைத்திருக்கவில்லை. அந்தப் படங்களை வெட்டி வேதியியல் நோட்டில் ஒட்டிவைத்தேன். ஹவுஸ் காஸில் 1986 முதல் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே படிக்கிறேன் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். அப்பா பதில் சொல்லவில்லை. தறிக்குழியைப் பற்றிய பேச்சு எங்கள் இருவருக்குமே மனப்பாடம். பி.காம் படித்தேன். ஆனால் படிப்பு முடிந்து வேலை தேடியபோது கால்கள் தாமாகவே குர்கான் உத்யோக் விஹாருக்குப் போயின. துவாரகாவிலிருந்து பக்கம், எங்கு பார்த்தாலும் ஆடை ஏற்றுமதி நிறுவனங்கள். மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். அங்கே எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஒரே பழக்கம்தான்: எந்த சாம்பிள் கையில் வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். தையல் விளிம்பு, பாக்கெட் பை, காலர் அடித்துணி, லைனிங். வெளிமுகம் விற்கும், உள்பக்கம்தான் உழைக்கும். தில்லியில் படித்து தில்லியிலேயே தொழில் நடத்தும் ஆடை வடிவமைப்பாளர் சுகேத் தீர், 2016 ஜனவரியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஆண்கள் உடைக்கான சர்வதேச வூல்மார்க் பரிசை வாங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோட்டின் உள் லைனிங்கில் விளையாட்டுக் காட்டுகிறவர் அவர். போட்டுக்கொண்டவருக்கு மட்டும் தெரிகிற சந்தோஷம். உலகம் அதையும் பார்த்துப் பரிசு கொடுக்கும் என்று பஸ்ஸில் கைமடிப்பைத் திருப்பிக்கொண்டிருந்த பையனிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

துவாரகா இப்போது வேறு ஊர். 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ வந்தது. கன்னாட் பிளேஸ் போய்வரும் அரைநாள் பயணம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. பிறகு செக்டர் 21 வரை நீண்டு, அங்கிருந்து விமான நிலைய ரயிலும் பிடிக்கலாம் என்றானது. செக்டர் 25இல் 2023 செப்டம்பரில் யசோபூமி மாநாட்டு மண்டபம் திறந்தார்கள். 2024 பிப்ரவரியில் பாரத் டெக்ஸ் ஜவுளிக் கண்காட்சியின் ஒரு பகுதி அங்கே நடந்தபோது அலுவலக வேலையாகப் போன நான் அப்பாவையும் கூட்டிப்போனேன். நாட்டின் நூல் முழுவதும் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்திருந்தது. டிராக் பேண்ட்டும் விளையாட்டு ஷூவுமாக (துவாரகாவின் தமிழ்ப் பெரியவர்கள் எல்லோரும் வேட்டியிலிருந்து அதற்கு மாறி வெகுகாலம் ஆகிறது, நடப்பதற்கு சௌகரியம் என்கிறார்கள், முகத்தில் சந்தோஷம் தெரிகிறது) அப்பா ஒவ்வொரு அரங்காக நின்று, துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, "இது அறுபதாம் நம்பர் நூலு… இது எம்பது… ஊடை தளர்வு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அப்பா தறி தெரிந்தவர் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வீரவநல்லூர்ச் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல், பிறகு, "எங்க அய்யா இருந்திருக்கணும்" என்றார்கள்.

என் மகனுக்குப் பதினைந்து வயது. அவன் எதையும் உள்ளே மடிப்பதில்லை. தாத்தாவின் பழைய சஃபாரி மேற்சட்டையைக் கையை வெட்டிப் போட்டுக்கொள்கிறான், கழுத்தில் முத்துச் சரம், நகத்தில் பாலிஷ். ஹாரி ஸ்டைல்ஸ் 2020இல் கவுன் போட்டு ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் வந்ததும், கொரியப் பாடகர்கள் முகப்பூச்சோடு மேடையேறுவதும் அவனுக்கு வீட்டுச் சமாசாரம். செக்டர் 21 மெட்ரோ நிலையத்துப் படிகளில் நின்று படம் எடுத்துப் போடுகிறான். எங்கெங்கோ இருக்கிறவர்கள் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். என் ராணி பிங்க் கதையைக் கேட்டுவிட்டு, "யாருமே பார்க்கலைன்னா அப்புறம் எதுக்குப்பா?" என்றான். உண்மையான கேள்வி. எனக்கு அந்த பஸ் பயணங்களின் சுகம் தெரியும். அவனுக்கு அதைக் கொடுக்க வழியில்லை. அதே சமயம், மறைத்துவைத்ததை நான் ஒரு நாளும் புனிதப்படுத்த மாட்டேன். நாங்கள் உள்பக்கத்தில் வாழ்ந்தது ரசனையால் அல்ல, வெளியே இடம் இல்லாததால். அந்த நெருக்கடியில் விரல்கள் கற்றுக்கொண்டதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. போன குளிர்காலத்தில் அவனுக்கு சீதாவும் உல்டாவும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாலையில் கற்றுக்கொண்டு, மறுநாள் கண்ணியைத் தவறவிட்டு, அதுவே டிசைன் என்று சொல்லி அந்த ஓட்டையோடு மஃப்ளரை முடித்துப் போட்டுக்கொண்டு போனான். ஆன்ட்டி இருந்தால் உருவியிருப்பார்.

பள்ளிக்கூடங்களும் மாறியிருக்கின்றன என்கிறார்கள். 2021 டிசம்பரில் கேரளத்தில் பாலுசேரி அரசுப் பள்ளி ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஒரே சீருடையாகச் சட்டையும் பேண்ட்டும் தந்தது; பெண் குழந்தைகள் ஓடவும் குதிக்கவும் வசதியாக இருப்பதாகச் சொன்னார்கள், கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பேதம் இல்லாத உடை என்று யோசிக்கும் இடமெல்லாம் பெண்களைப் பையன்களின் உடுப்புக்குள் கொண்டுவருவதோடு நின்றுவிடுகிறது. பையனுக்கும் ஏதாவது வேண்டியிருக்குமே, ஒரு நிறம், ஒரு கரை, ஒரு மணி என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவனுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

அப்பா மாறியது எப்போது என்று யோசித்தால், 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் நடந்த ஒரு மதியம்தான் நினைவுக்கு வருகிறது. உயரத்திலிருந்து நீரில் பாயும் போட்டியில் தங்கம் வாங்கிய பிரிட்டன் வீரர் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கம்பளி நூலில் பின்னிக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "ஏலே, இங்க வா, இங்க வா. இவன் பின்னுதாம்லே!" என்று அப்பா போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து எல்லோரும் ஓடிவந்தோம். தங்கப் பதக்கம் வாங்கிய கை ஊசியும் நூலும் பிடித்திருப்பதை அப்பா அன்று மாலைவரை போன் செய்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 அக்டோபரில் ரோஹித் பால் உடல்நலம் குன்றிய நிலையிலும் தில்லி இம்பீரியல் ஓட்டலில் தன் கடைசிக் காட்சியின் முடிவில் மேடையில் வந்து ஆடிய வீடியோவை நான் காட்டியபோது, அப்பா முழுவதும் பார்த்தார்கள். நவம்பர் முதல் தேதி அவர் இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னதும் அப்பாதான்.

போன மாதம் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆண் மாணவர்கள் முடி வளர்க்கக்கூடாது, ஆபரணம் அணியக்கூடாது, நகப்பூச்சு கூடாது; மீறினால் பெற்றோர் நேரில் வரவேண்டும். நான் விடுப்புக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்கள். "இதுக்கு நேர்ல போகக்கூடாது. எழுத்துலதான் பதில் குடுக்கணும்" என்றார்கள். மத்தியச் செயலகத்தில் ஆயுள் முழுவதும் கோப்புக் குறிப்பு எழுதிய கை. பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வைத்தார்கள். மேற்கண்ட சுற்றறிக்கையைப் பார்வையிட்டேன் என்று தொடங்கி, பத்திக்கு எண் போட்டு, என் தகப்பனார் இரண்டு காதிலும் சிவப்புக்கல் கடுக்கன் போட்டுக் கொண்டை முடிந்த நெசவாளி, அவரை யாரும் ஆண் இல்லை என்று சொன்னதில்லை என்று ஒரு பத்தி. மகாகவி பாரதி காசியில் படிக்கப்போய் மீசையும் தலைப்பாகையுமாக வந்து நின்றபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள், இன்று அந்தப் படம்தான் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று ஒரு பத்தி. பாதுகாப்புக்கோ படிப்புக்கோ நகப்பூச்சால் என்ன இடையூறு என்பதை விளக்குமாறு பணிவுடன் ஒரு கேள்வி. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டல் ஒன்று போகும். அதன் வரைவும் தயார்.

எல்லாம் முடிந்து பேரன் வாசித்துக் காட்டும்போது அப்பா நடுவில் நிறுத்தி, "நெறத்தோட பேரு போடலியே. கோப்புல சரியா இருக்கணும்லா. என்ன கலருல அது?" என்றார்கள். அவன் குப்பியைத் தேடி எடுத்து, மிட்நைட் ப்ளூ என்று வாசித்தான். அப்பா அவன் கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள்.

"இது நேவி ப்ளூல்லா? ஒங்க ஸ்கூல் ஸ்வெட்டர் கலரே இதுதானல. அதையும் ஒரு பத்தியாச் சேரு."